மர பிளேட் மாட்டிய கிரைண்டர்: ஓர் ஓடாவியின் இடக்கை

காயப்பட்டவர் 34 வயது ஓடாவி, அதாவது தச்சர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வீடு. தினமும் காலையில் மண்முனைப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் கடலோரமான எழுவான்கரைக்கு வேலைக்கு வருபவர். பதினைந்து வருடமாகச் சட்டர் அடிப்பதே, அதாவது கொங்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அச்சு அடிப்பதே தொழில். வலக்கைப் பழக்கம்; காயம் இடக்கையில். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன் என்றாலும் ஆளை அடையாளம் காட்ட விரும்பவில்லை. ஆகவே இங்கே அவர் ஓடாவி என்றே வருவார். நான் அந்த வேலைத்தலத்தின் மேற்பார்வையாளன். விபத்து நடந்த நேரம் இருபது அடி தூரத்தில், கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு கொந்தராத்துக்காரரிடம் கொடுப்பதற்கு ஒரு குறிப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லை எழுதி முடித்துவிட்டேன். அப்படி எழுதியது தவறு. அந்த மனிதருக்கு நான் செய்த அநியாயம் என்றும் சொல்வேன். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன்.

அன்று மாலை

ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் நடுவில், கல்முனை வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக ஒரு வளவு. இரண்டு மாடி வீடு. கீழ்மாடிச் சுவர்கள் எழும்பி, மேலே சிலாப் போடுவதற்குச் சட்டர் அடித்துக்கொண்டிருந்தோம். ஒக்டோபர் மாதம். மாரி பிடித்துவிட்டால் இந்தக் கரையில் மணல் ஏற்றிய டிப்பர் ஒழுங்கைக்குள் வராது. சவுக்கு முட்டுகள் நட்ட இடம் இளகிவிடும். அதனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு மிக்சர் வரச் சொல்லியிருந்தோம். ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. சட்டர் அன்றிரவுக்குள் முடிந்தாக வேண்டும்.

மரம் அறுக்கும் வட்டவாள் மூன்று வாரமாகக் களஞ்சிய அறையில் கிடந்தது. உள்ளே மோட்டாருக்கு மின்னைக் கொடுக்கும் கார்பன் கட்டைகள் தேய்ந்து நின்றுபோயிருந்தது. யாராவது பட்டணம் போகும்போது கொடுத்துவிடலாம் என்றிருந்தோம். போனவர்களும் உண்டு, கொடுக்கத்தான் மறந்தோம். அதுவரை 4 அங்குல கிரைண்டரில் மர பிளேட் என்று நாங்கள் சொல்லும், மரம் அறுப்பதற்கான பல் வைத்த பிளேட் ஒன்றை மாட்டி அறுத்துவந்தோம். நம் பக்கத்தில் இது புதிய வழக்கமும் இல்லை. யாரும் ஒளித்துச் செய்வதும் இல்லை.

மாலை நாலரை மணி இருக்கும். சிலாப்பின் விளிம்புப் பலகைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க ரீப்பை என்ற ஒடுங்கிய மரச்சட்டத்தின் துண்டுகள் வேண்டியிருந்தன. ஓடாவி குந்தியிருந்து, ரீப்பையின் ஒரு முனையைச் சீமெந்துக் கல்லிலும் மறுமுனையைப் பலகைக் குவியலிலும் வைத்தார். இடக்கையால் நடுவுக்கு அருகே அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் கிரைண்டரை எடுத்தார்.

கிரைண்டரின் இரைச்சல் ஒரு கணம் அமுங்கிப் பின்னர் கீச்சென்று மேலே ஏறியது. மரத்துக்குள் பிளேட் இறுகி, உடனே பிய்த்துக்கொண்டு வெளியேறிய சத்தம் அது. நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கீழே விழுந்த கிரைண்டர் மரத்தூளைக் கிளப்பியபடி தரையில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கையாள் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

“அண்ணன், விரல் எங்கே?” ஓடாவி முதலில் கேட்டது இதைத்தான். வலிக்கிறது என்று அப்போதும் சொல்லவில்லை, வைத்தியசாலை போகும்வரையும் சொல்லவில்லை.

நடுவிரலில் கடைசிக் கணு இல்லை. சுட்டுவிரல் இருந்தது, ஆனால் அதன் அடிக்கணுவில் உள்ளங்கைப் பக்கமாகக் குறுக்கே ஆழமாகப் பிளந்திருந்தது. மற்ற விரல்கள் வளைந்து கிடக்க, அது மட்டும் குச்சி போல நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரான விரலுக்கு என்ன பொருள் என்பது எனக்கு அன்று தெரியாது.

அடுத்த பத்து நிமிடத்தில் சரியாகவும் செய்தோம், பிழையாகவும் செய்தோம். துவைத்து வைத்திருந்த துவாயை மடித்துக் காயத்தின்மேல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தது சரி. 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸ் வரச்சொன்னது சரி. பக்கத்து வீட்டு அம்மா போத்தலோடு கொண்டுவந்த கோப்பித்தூளைப் போடவேண்டாம் என்று தடுத்ததும் சரி. தூள் இரத்தத்தை நிறுத்தாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் அதைக் கழுவி எடுப்பதே தனி வேலையாகிவிடும். அழுத்திப் பிடிப்பதுதான் இரத்தத்தை நிறுத்தும், அதுவும் விட்டுவிட்டுப் பார்க்காமல் தொடர்ந்து அழுத்த வேண்டும்.

பிழைகள் மூன்று. ஒருவர் கம்பி கட்டும் மெல்லிய கம்பியை எடுத்துச் சுட்டுவிரலின் அடியில் சுற்றி முறுக்கிவிட்டார். விரலின் இரண்டு பக்கமும் ஓடும் நரம்பையும் இரத்தக் குழாயையும் அப்படிப்பட்ட கம்பி நசுக்கிவிடும். கண்டதும் அவிழ்த்தேன், அதற்குள் இரண்டு நிமிடம் போயிருந்தது. இரண்டாவது, மயங்கிவிடக் கூடாது என்று பால் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அன்பினால் கொடுத்ததுதான். ஆனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு வயிறு ஆறு மணித்தியாலம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதை வைத்தியசாலையில்தான் அறிந்தோம்.

மூன்றாவது பிழைதான் இன்றும் நெஞ்சில் நிற்கிறது. கையாள் பத்தொன்பது வயதுப் பையன். மரத்தூளுக்குள் விரல் துண்டைத் தேடி எடுத்தது அவன்தான். நாங்கள் எவரும் அதைத் தொடக்கூடத் துணியவில்லை. ஒழுங்கை முனையில் மீன் விற்பவரிடம் ஓடிப்போய் ஒரு கோப்பை நிறைய ஐஸ் வாங்கி, துண்டை அதற்குள் புதைத்துக் கொண்டுவந்தான். நல்ல மனத்தோடு செய்தான். ஆனால் வெறும் ஐஸ் தோலைத் தொட்டால் திசு உறைந்து செத்துவிடும். துண்டைச் சுத்தமான துணியில், கிடைத்தால் சேலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில், சுற்ற வேண்டும். சுற்றியதைத் தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். அந்தப் பையைத்தான் ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிரில் பேணிய விரலை ஒரு நாள் வரைகூடப் பொருத்த முயலலாம். வெளியே வெப்பத்தில் கிடந்தால் அந்த அவகாசம் மிகக் குறுகிவிடும். நம் ஊர் வெப்பத்தைச் சொல்லத் தேவையில்லை.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துண்டை எப்படிக் கொண்டுபோயிருந்தாலும் பொருத்தியிருக்க முடியாது என்றே அறுவைச் சிகிச்சை வைத்தியர் சொன்னார். கத்தி வெட்டினால் இரண்டு விளிம்பும் நேராக இருக்கும். பல் வைத்த பிளேட் மரத்தை அறுப்பது போலவே விரலையும் அறுக்கிறது. தன் அகலத்துக்கு உள்ள சதையையும் எலும்பையும் தூளாக்கி எடுத்துவிடுகிறது. சேர்ப்பதற்கு இரண்டு முனைகள் மிஞ்சுவதில்லை. இதை அந்தப் பையனிடம் நான் இரண்டு தடவை சொன்னேன். அவன் நம்பினானா என்று சொல்ல முடியவில்லை.

கை

முதலில் பார்த்த இளம் வைத்தியர் செய்த சோதனையை அருகில் நின்று பார்த்தேன். சுட்டுவிரலின் நடு மூட்டைத் தன் இரு விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு, “நுனியை மட்டும் மடக்குங்கள்” என்றார். ஓடாவியின் முழங்கைக்குக் கீழே தசை திரண்டு எழுந்தது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நுனி அசையவில்லை. பிறகு மற்ற விரல்களை நேராகப் பிடித்துக்கொண்டு சுட்டுவிரலை நடு மூட்டில் மடக்கச் சொன்னார். அதுவும் அசையவில்லை. கடைசியாக விரலின் இரண்டு பக்கங்களையும் தனித்தனியே மெல்லத் தொட்டுக் கேட்டார். சின்னவிரல் பக்கம் தெரிந்தது. பெருவிரல் பக்கம் தெரியவில்லை. மூன்று நிமிடச் சோதனை. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னரே, விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் ஒரு நரம்பும் அறுந்துவிட்டதை அது சொல்லிவிட்டது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெளியே சிறிய காயமாகத் தெரியும், உள்ளே தசைநாண் போயிருக்கும். தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு மாதம் கழித்து விரல் மடங்கவில்லையே என்று அலைகிற மேசன்மாரையும் ஓடாவிமாரையும் எனக்குத் தெரியும். காயம் பட்ட நாளிலேயே நுனி மடங்குகிறதா, இரண்டு பக்கமும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கேட்டுக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. தசைநாணைச் சில நாட்களுக்குள் தைத்தால் நன்றாகப் பொருந்தும். வாரங்கள் கடந்தால் அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய்விடும். பிறகு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைக்கும் பெரிய சிகிச்சையாகிவிடும்.

ஏற்புவலி ஊசி போட்டார்கள், கிருமிகொல்லி ஏற்றினார்கள். தேநீர் குடித்ததால் இரவு காத்திருந்து, அவசரச் சிகிச்சைகள் வரிசையில் முந்திக்கொள்ள, மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே நேரத்தில் வளவில் மிக்சர் ஓடவில்லை. யாருக்கும் மனம் வரவில்லை.

உள்ளிருந்து மரத்தூளைக் கழுவி எடுப்பதற்கே நீண்ட நேரம் சென்றதாம். நடுவிரலைச் சற்றுக் குறைத்து, எலும்பு முனையைச் சதையால் மூடித் தைத்தார்கள். சுட்டுவிரலில் இரண்டு தசைநாண்களையும், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு முடியை விட மெல்லிய நூலால் நரம்பையும் தைத்தார்கள். அந்த இடத்தில் இரண்டு தசைநாண்களும் ஒடுக்கமான ஒரு குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. தைத்த பின் அசைக்காமல் வைத்தால் இரண்டும் குழாயோடு சேர்ந்து ஒட்டிப்போகும். பலமாக அசைத்தால் தையல் பிரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடுத்த ஆறு வாரமும் நகர வேண்டியிருந்தது.

கருவி

இப்போது ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு வருகிறேன்.

4 அங்குல கிரைண்டர் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்றுச் சுற்றும். 110 மில்லிமீற்றர் பிளேட்டை மாட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 228 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. எங்கள் பிளேட்டில் 40 பல். ஒரு செக்கனுக்கு ஏழாயிரத்துக்கும் அதிகமான பற்கள் ஒரே புள்ளியைக் கடக்கின்றன. மனிதன் ஒன்றை உணர்ந்து கையை இழுப்பதற்குக் குறைந்தது செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் ஆயிரத்து நானூறு பற்கள் கடந்துவிடும். உலகத்திலேயே மிகக் கவனமான ஓடாவியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

கிரைண்டர் உராய்ந்து தேய்க்கச் செய்த கருவி. கம்பி வெட்டும் வட்டில் பல் இல்லை. அது இரும்பைத் துகள் துகளாகத் தேய்க்கிறது. மர பிளேட்டோ கடித்து இழுக்கிறது. மரம் பிளேட்டை இறுக்கிப் பிடித்தால் சுழற்சி முழுவதும் கருவியின் மேல் திரும்பி, அது எதிர்ப்பக்கமாகப் பாய்கிறது. எங்கள் ஆட்கள் ‘உதைக்கும்’ என்று சொல்வது இதைத்தான். வட்டவாளில் மரத்தின்மேல் படிந்து நிற்கும் அகலமான அடித்தட்டு இருக்கிறது. வாளை எடுத்த கணமே ஸ்பிரிங் இழுத்துப் பற்களை மூடும் கவசம் இருக்கிறது. விசையிலிருந்து விரலை எடுத்தால் மின் நின்றுவிடுகிறது. சுழற்சியும் கிரைண்டரின் பாதி அளவுதான். எங்கள் கிரைண்டரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதன் சுவிட்சை முன்னுக்குத் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். கையை விட்டாலும் ஓடும். அதனால்தான் அது தரையில் வட்டமிட்டது. பல் வைத்த வாள் பிளேட்டை மாட்ட வேண்டாம், அது அடிக்கடி உதைக்கும் என்று கிரைண்டரோடு வரும் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தக் கையேட்டைப் பெட்டியோடு எறிந்தவன் நான்.

மறுநாள் மாலை கிரைண்டரை வீட்டுக்கு எடுத்துப் போய் மேசையில் வைத்து விளக்கின் கீழ் பார்த்தேன். 100 மில்லிமீற்றர் வட்டுக்காகச் செய்த கருவி அது. 110 மில்லிமீற்றர் பிளேட் கவசத்தில் முட்டும். ஆகவே கவசத்தைக் கழற்றியிருக்கிறார்கள். அது இருந்த இடத்தில் பிடிப்பு வளையத்தின் தடம் மட்டும் பளபளத்தது. பிளேட்டின் நடுத் துளை 20 மில்லிமீற்றர். கருவியின் தாங்கி 16. இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம் போட்டிருந்தது, அதுவும் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. பிளேட் மையத்தில் நிற்கவில்லை. கையால் சுற்றியபோதே ஆடியது. பக்கக் கைபிடி காணாமல் போய் எத்தனை மாதமோ. அது இல்லாததால்தான் கருவிக்கு ஒரு கையும் மரத்துக்கு ஒரு கையும் என்று ஆயிற்று.

இனி மரம். இரண்டு முனையும் தாங்கியிருக்க நடுவில் அறுத்தால், அறுக்க அறுக்க நடு கீழே தொய்யும். வெட்டின் வாய் மேலே ஒடுங்கி பிளேட்டைக் கவ்வும். துண்டு தானாக விழும்படி ஒரு முனையைத் தாங்காமல் விட்டு அறுத்திருந்தால் வாய் விரிந்து கொடுத்திருக்கும். ஓடாவிக்கு இது தெரியாதா? எனக்குக் கற்றுத்தந்தவரே அவர்தான். ஆனால் மேசை இல்லை, பிடிக்கும் கிளாம்ப் இல்லை, குந்தியிருந்து செய்கிற வேலை, ரீப்பை இன்னும் பதினெட்டுத் துண்டு வேண்டும், ஆறு மணிக்குள் இருட்டிவிடும்.

கையுறை போட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். வேலைத்தலத்தில் இருந்தது நூல் கையுறை. சுழலும் பல் அதன் நூலைக் கவ்வினால் விரலோடு சேர்த்துக் கையையே உள்ளே இழுத்திருக்கும். இந்தப் பிளேட்டுக்கு எதிராகக் கையைக் காப்பாற்ற ஒரே வழி, கை அதன் அருகில் இல்லாதிருப்பதுதான்.

ஆக, அந்த மாலை நாலரை மணிக்கு ஓடாவி செய்த பிழை என்று தனியாக ஒன்றை என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை. பழுதான வாளை மூன்று வாரம் கிடக்கவிட்டது நான். கவசம் இல்லாத கருவியைக் கண்ணால் கண்டும் பேசாமல் கடந்தது நான். மிக்சருக்கு நேரம் குறித்தது நானும் கொந்தராத்துக்காரரும். அன்றிரவு எழுதிய குறிப்பைத் திரும்ப வாங்கி, இவற்றை வரிசையாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாமே வழக்குக்கு எழுதிக் கொடுப்பது போல இருக்கிறதே என்றார். உண்மை அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

வேலையில் காயப்பட்டவருக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற கட்டளைச்சட்டம் இலங்கையில் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் கட்டட வேலைகளையும் தொடுகிறது. மூன்று நாட்களுக்கு மேல் வேலைக்கு வரமுடியாதபடி ஒருவர் காயப்பட்டால் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நாட்கூலிக்காரருக்கு இதெல்லாம் கிடையாது என்று எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். ஓடாவியும் அப்படித்தான் நினைத்திருந்தார். விபத்து நடந்த நேரம், கருவி, பார்த்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்ததும், வைத்தியசாலை கொடுத்த நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்தியதும் பின்னர் விண்ணப்பத்துக்கு உதவின. முன்பு நான் எழுதிய ‘கவனக்குறைவு’ அந்தக் கோப்பில் இருந்திருந்தால் முதலில் எதிரே நின்றிருப்பதும் அதுதான்.

பதினேழு வாரம்

கையின் பின்புறத்தில் ஒரு சிம்பு கட்டிவிட்டார்கள். விரல்கள் அடி மூட்டில் மடங்கி, முழுதாக நிமிர முடியாதபடி தடுத்து நிற்கும். ஒவ்வொரு மணித்தியாலமும் வலக்கையால் அந்த விரலை மெல்ல உள்ளே மடக்கி, பிறகு சிம்பு தட்டும்வரை தானாக நிமிரவிட வேண்டும். பத்துத் தடவை. தானாக இறுக்கிப் பிடிக்கக் கூடாது, ஒரு பேனாவைக்கூட. சுருட்டும் சிகரட்டும் கூடாது, அவை விரலுக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும் என்றார்கள். பதினேழு வயதிலிருந்து குடித்த சுருட்டை அவர் அன்றோடு விட்டார்.

ஐந்தாம் வாரம் ஒரு காலை வேலைத்தலத்துக்கு வந்து நின்றார். அளவு நாடாவையாவது பிடிக்கிறேன் என்றார். வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே நிற்கத் தெரிந்தவர். தையல் இன்னும் பலப்படாத காலம் அது. ஒரு சறுக்கல், ஒரு திடீர்ப் பிடிப்பு போதும், எல்லாம் அறுந்துவிடும். திருப்பி அனுப்பினேன். அன்று மாலை ஆட்கள் எல்லோரும் சேர்த்த பணத்தைக் கையாள் பையன் பாலம் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தான். பாரமான வேலைக்குப் பன்னிரண்டு வாரம் என்றார்கள். அவருக்குப் பதினேழு பிடித்தது. நாளொன்றுக்கு 4,000 ரூபாய், வாரத்துக்கு ஆறு நாள் என்று பார்த்தால் 4,08,000 ரூபாய்க் கூலி போயிற்று. களஞ்சியத்தில் கிடந்த வாளுக்கு ஒரு சோடி கார்பன் சில நூறு ரூபாய்.

வாளைத் திருத்தி எடுத்தோம். இடுப்பு உயரத்தில் பலகை அடித்த ஒரு மேசையும் இரண்டு கிளாம்பும் இப்போது எந்த வளவுக்குப் போனாலும் முதல் லொறியில் போகின்றன. மருந்துப் பைக்குள் காஸ் துணி, சேலைன், பொலித்தீன் பைகள் இருக்கின்றன. கையில் இருந்த மர பிளேட்டுகள் மூன்றையும் படிக்கட்டு அடித்தளத்துக்குக் கொங்கிரீட் கொட்டும்போது உள்ளே போட்டேன். அவற்றை யாரும் இனி எடுத்து மாட்ட முடியாது. ஆனால் சந்தியில் உள்ள இரும்புக் கடையில் கிரைண்டருக்குப் பக்கத்திலேயே அதே பிளேட்டும் அதே வளையமும் இன்றும் தொங்குகின்றன.

தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வளருமாம். கிளினிக்கில் விரலின் அடியிலிருந்து நுனி நோக்கித் தட்டிக்கொண்டே போவார்கள்; நரம்பு வந்து சேர்ந்திருக்கும் இடத்தில் கரண்ட் அடிப்பது போல இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்திருந்தது. ஓடாவி அதைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டுவார். ஐந்தாம் மாதம் புள்ளி நுனிக்குப் போய்விட்டது. உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. சுட்டுவிரல் உள்ளங்கையைத் தொடுவதற்கு இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கிறது. மார்கழிக் குளிரில் விரல் வெளிறி வலிக்கும். கக்கத்துக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

மீண்டும் வந்த முதல் வாரம் அவர் ஆணி அடிப்பதைப் பார்த்தேன். முன்பெல்லாம் ஆணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடிப்பார். இப்போது சுட்டுவிரலை விலக்கிவிட்டு, குறைந்துபோன நடுவிரலால் பெருவிரலோடு சேர்த்துப் பிடிக்கிறார். அதற்குத்தான் ஆணி தெரிகிறதாம். முதல் நாள் மூன்று ஆணி நழுவி விழுந்தன. ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்து, அதே இடத்தில் வைத்து, அதே பிடியில் அடித்தார்.